மூன்று பயணம், மூன்று கார், ஒரு முழங்கால்

"பெண் பார்க்கப் போன இடத்துல பஜ்ஜியும் சொஜ்ஜியும் நல்லா இருந்ததுங்கறதுக்காக யாராவது கல்யாணத்தை முடிச்சுடுவாங்களா?"

இப்படிக் கேட்டவர் என் மாமியார். கேட்டது கல்யாண விஷயமாக அல்ல, கார் விஷயமாக!

எங்களுடையது பன்னிரண்டு வருஷத்துச் சின்னக் கார். அதை மாற்றிவிட்டு நடுத்தர அளவில் ஒரு செடான் வாங்குவது என்று என்னவர் தீர்மானித்து, ராத்திரி ராத்திரியாகக் கைப்பேசியில் வீடியோ பார்த்து, ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கி, "டர்போ எஞ்சின்தான் வாங்கணும். நூற்றறுபது குதிரை சக்தி!" என்று வந்து நின்றார். அப்போதுதான் மாமியார் அந்த பஜ்ஜி, சொஜ்ஜிக் கேள்வியைக் கேட்டார். "ஷோரூம்ல ஏ.சி.யில உக்காந்து, ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்துட்டு வந்தா ஆச்சா? குழந்தை குட்டியோட, மூட்டை முடிச்சோட ஒரு நாள் ஊருக்குப் போய்ப் பார்த்தால்ல குணம் தெரியும்?"

எனக்கு அந்த வார்த்தை சட்டென்று பிடித்துக்கொண்டது. காரணம் இருக்கிறது.

நாலு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம். முன் ஸீட்டில் நான். என் மடியில் சின்னவன், அப்போது அவனுக்கு ஆறு மாதம். ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. என்னவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றுவிட்டது. பெல்ட் போட்டிருந்ததால் நானும் நின்றுவிட்டேன். குழந்தை மட்டும் நிற்கவில்லை. என் இரண்டு கைக்கும் நடுவிலிருந்து வழுக்கிப் போய் நெற்றியை முன்னால் மோதிக்கொண்டான். கடவுள் புண்ணியம், ஒரு புடைப்போடு போயிற்று. "வேகம் குறைச்சலா இருந்ததால தப்பிச்சீங்கம்மா" என்றார் டாக்டர்.

அன்றைக்குப் பூரா எனக்குத் தூக்கம் இல்லை. ஐம்பது கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி நின்றால், பத்துக் கிலோ குழந்தை தன் எடையைப்போல் இருபது, முப்பது மடங்கு பலத்தோடு முன்னால் பாய்கிறது. அதாவது இருநூறு, முந்நூறு கிலோ! அரிசி மூட்டையைக்கூட இழுத்துப் பிடிக்க முடியாத நம் கைக்கு இது ஆகிற காரியமா? 'என் மடியைவிடப் பத்திரமான இடம் உண்டா?' என்று நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு அசட்டுத்தனம்!

குழந்தைக்கென்று தனி ஸீட் வாங்கினோம். பழைய காரின் பின்பக்கம் அதை வைத்ததும் மற்றவர்களுக்கு இடம் இல்லை. பெரியவளுக்குப் பதினோரு வயது, என் தோளைத் தொட்டுவிட்டாள். மாமியாருக்கு எழுபத்திரண்டு. போன வருஷம் வலது முழங்காலில் மூட்டு மாற்றினோம். இடது முழங்கால், 'என் முறை எப்போ?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவேதான் பெரிய கார். அதற்கு எங்கள் எட்டு வருஷச் சேமிப்பு. தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் மறுபடி சேர்க்க இன்னொரு எட்டு வருஷம்!

"இப்போ எல்லாரும் உசரமான வண்டிதானே வாங்கறாங்க?" என்று நீங்கள் கேட்பீர்கள். அதையும் உட்கார்ந்து பார்த்தோம். "அதுல ஏற வேண்டியிருக்கு, இதுல இறங்க வேண்டியிருக்கு. இறங்கறதுக்கு வழி கத்துக்கலாம். ஏறறதுக்குப் பலம்ல வேணும்?" என்றார் மாமியார். பட்ஜெட்டும் அதையேதான் சொல்லிற்று.

பார்க்க வேண்டிய கார்கள் மூன்று என்று முடிவாயிற்று: ஹூண்டாய் வெர்னா, ஹோண்டா சிட்டி, ஸ்கோடா ஸ்லாவியா. கால் நீட்ட இடத்துக்குப் பேர் போன மாருதி சியாஸ் 2014-ல் வந்து, 2025-ல் விடைபெற்றுப் போய்விட்டது. ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ், ஸ்லாவியாவோடு ஒரே தட்டில் வார்த்த இட்லி. ஒன்றைப் பார்த்தால் மற்றதையும் பார்த்த மாதிரி.

மூன்று ஞாயிற்றுக்கிழமை, மூன்று ஊர். ஆட்கள் மாறக்கூடாது, சாமானும் மாறக்கூடாது. பெரிய பெட்டி இரண்டு, தள்ளுவண்டி, மாமியாரின் மடக்கு வாக்கர், தண்ணீர் கேன், சாப்பாட்டுக் கூடை, டயப்பர் பை. இதுதான் எங்கள் பரீட்சைத் தாள்!

காஞ்சிபுரத்துக்கு வெர்னாவில்

முதல் கார் என் அண்ணாவுடையது. காலை ஆறு மணிக்கே சென்னையிலிருந்து கிளம்பிவிட்டோம். பூவிருந்தவல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வருவதற்கு முன்பே இருங்காட்டுக்கோட்டை. நெடுஞ்சாலையை ஒட்டினாற்போல் ஹூண்டாய் தொழிற்சாலை. 1998-ல் சான்ட்ரோவோடு இங்கே உற்பத்தி தொடங்கியது. நாங்கள் உட்கார்ந்திருந்த வெர்னாவும் இங்கே பிறந்ததுதான். "அட, பிறந்த வீட்டு வாசல் வழியாப் போறதா இந்தப் பொண்ணு!" என்று மாமியார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

கிளம்பும்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். குழந்தை ஸீட்டை எங்கே வைப்பது? செடானில் பின் ஸீட்டின் இரண்டு ஓரத்திலும், முதுகுப் பகுதியும் அடிப் பகுதியும் சேரும் இடுக்கில், இரும்பு வளையங்கள் இருக்கும். ஐஸோஃபிக்ஸ் என்று பெயர். குழந்தை ஸீட்டின் கொக்கிகள் அதில் 'க்ளிக்' என்று மாட்டிக்கொள்ளும். ஒன்றேகால் வயது வரையாவது குழந்தை பின்னோக்கிப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். கழுத்து அவ்வளவு மென்மை. பின்னோக்கிய ஸீட் கொஞ்சம் சாய்ந்து இடத்தை அடைக்கும், அதற்கு முன்னால் இருப்பவர் நகர்ந்துகொள்ள வேண்டும். இடப்பக்கம் வைத்தால் முன்னால் உட்காரும் மாமியாருக்குக் காலை நீட்ட முடியாது. வலப்பக்கம் வைத்தால் கார் ஓட்டும் என்னவரின் ஸீட்டை இடிக்கும். அவரோ ஐந்தடி பத்தங்குலம்!

இங்கேதான் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். காரின் மொத்த நீளத்தைவிட, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம்தான் உள்ளே இருப்பவர்களுக்கு முக்கியம். வெர்னாவில் அது 2670 மில்லி மீட்டர், ஸ்லாவியாவில் 2651, சிட்டியில் 2600. உள்ளே இடத்தைப் பங்கு போடுவதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கைப்பக்குவம் உண்டு என்பதால் இந்த எண்ணை மட்டும் நம்பி முடிவு செய்துவிடக் கூடாது. உங்கள் குழந்தையின் ஸீட்டைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். நாங்கள் வலப்பக்கம் வைத்தோம். நடுவில் பெரியவள், இடது ஓரத்தில் நான், முன்னால் மாமியார், காலை நீட்டி ராஜோபசாரமாக!

காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோவில். அத்திகிரிக்கு இருபத்து நாலு படி. மாமியார் கீழேயே உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டார். கோவில் இட்லி வாங்கினோம். மூங்கில் கூடையில் மந்தாரை இலை பரப்பி, மிளகு, சீரகம், சுக்கு போட்டு வேக வைப்பது. ஒரு வில்லை இரண்டு பேருக்குக் காணும். பிரயாணத்துக்கு இதைவிட நல்ல ஆகாரம் இல்லை. வயிற்றைப் புரட்டாது.

சாமானைப் பற்றி: வெர்னாவின் டிக்கி 528 லிட்டர். என் பரீட்சைத் தாள் முழுவதும் உள்ளே போய், இரண்டு பட்டுப் புடவைப் பைக்கு இடம் பாக்கி இருந்தது. (என்னவர் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.) அகலம் 1765 மில்லி மீட்டர், மூன்றிலும் இதுதான் அதிகம். குழந்தை ஸீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும்போது அந்தக் கூடுதல் விரலகலம் தெரிகிறது. ஆனால் உயரம் 1475 மில்லி மீட்டர், சிட்டியைவிட 14 மில்லி மீட்டர் குறைவு. "ஒரு இட்லி கனம்கூட இல்லையே!" என்றார் என்னவர். மூட்டு வலிக்காரர்களைக் கேட்டால் ஒரு இட்லிக்கும் கணக்குச் சொல்வார்கள்!

புதுச்சேரிக்கு சிட்டியில்

அடுத்த ஞாயிறு நாத்தனாரின் சிட்டி. வழி, கிழக்குக் கடற்கரைச் சாலை. முட்டுக்காடு, மாமல்லபுரம், கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டைக்குத் திரும்பும் வழி, அப்புறம் மரக்காணத்தின் உப்பளங்கள். சாலை ஓரமாய் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். "அம்மா, பனியா?" என்றாள் பெரியவள். வெயில் அந்த வெள்ளையில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது.

சிட்டி நம் நாட்டுக்கு 1998-லேயே வந்துவிட்ட பெயர். இப்போதிருக்கும் ஐந்தாம் தலைமுறை 2020-ல் வந்தது. இந்தப் பிரயாணத்தில் பாதி வழி ஸ்டியரிங் என் கையில். லைசென்ஸ் வாங்கி ஒன்பது வருஷமாகியும் நெடுஞ்சாலையில் ஓட்டப் பயந்துகொண்டிருந்த எனக்கு, அந்தக் காரின் இலகுவான ஸ்டியரிங்கும், குலுக்காத ஆட்டோமேடிக் கியரும், நாலு பக்கமும் நன்றாகத் தெரிகிற கண்ணாடியும் தைரியம் கொடுத்தன. சகோதரிகளே, கார் வாங்கும்போது நீங்களும் ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள். 'அவர்தானே ஓட்டப் போகிறார்' என்று இருந்துவிடாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்கு ஜுரம் வந்து, அவர் வெளியூரில் இருந்தால் யார் ஓட்டுவது?

இதன் டிக்கி 506 லிட்டர். எங்கள் சாமான் எல்லாம் அடங்கிற்று. ஆனால் சிட்டியிலேயே 2022-ல் வந்த ஹைபிரிட் வகையில், பாட்டரி இடத்தை எடுத்துக்கொள்வதால் டிக்கி 306 லிட்டர்தான். அதற்கு ஈடாக லிட்டருக்கு 26 கிலோ மீட்டருக்கு மேல் கொடுக்கும் என்கிறது கம்பெனிக் கணக்கு. சின்னக் குடும்பம், ஆபீஸுக்குத் தினமும் நெடுந்தூரம் போகிறவர் என்றால் அது யோசிக்க வேண்டிய வண்டி. தள்ளுவண்டியும் வாக்கரும் உள்ள எங்களுக்கு அல்ல.

புதுச்சேரியில் கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாகனம் விடமாட்டார்கள். தள்ளி நிறுத்திவிட்டு வந்தோம். நடக்க முடியாதவர்களுக்கு அது சிரமம்தான். ஆனால் மாமியார் வாக்கரோடு மெள்ள மெள்ள நடந்து, காந்தி சிலைக்கு எதிரே உட்கார்ந்து காற்று வாங்கி, "மூட்டுக்கு மருந்தே நடக்கறதுதான்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

அன்றைக்கு மத்தியானம் ஒரு பாடம் கிடைத்தது. கடையில் ஏதோ வாங்கப் போன என்னவர், "அஞ்சு நிமிஷம், குழந்தை தூங்கறான், நீங்களும் இறங்கி வாங்களேன்" என்றார். நான் விடவில்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்து நிமிஷத்தில் சூடு பத்து டிகிரி வரை ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். எவ்வளவு நல்ல காராக இருந்தாலும், குழந்தையைத் தனியே விட்டால் அது மூடி போட்ட இட்லிப் பானைதான்.

ஏலகிரிக்கு ஸ்லாவியாவில்

மூன்றாவது கார் சொந்தக்காரர்களிடம் இல்லை. வாடகைக்கு எடுத்தோம். ஸ்லாவியா என்ற பேர் எங்கிருந்து வந்தது தெரியுமா? இந்தக் கம்பெனியை ஆரம்பித்த லாரினும் க்ளெமென்ட்டும் 1890-களில் முதன் முதலாகச் செய்து விற்ற சைக்கிளின் பெயர் அது! சைக்கிளின் பேரைச் சுமந்த இந்தக் கார் 2022 முதல் புனேக்குப் பக்கத்தில் சாக்கனில் தயாராகிறது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பெங்களூர் சாலையில் போய், பொன்னேரி என்ற ஊரில் மலை ஏறத் தொடங்கினோம். (சென்னைக்கு வடக்கே இருக்கும் பொன்னேரி அல்ல, இது திருப்பத்தூர் மாவட்டத்துப் பொன்னேரி.) ஏலகிரிக்குப் பதினாலு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர். திருவள்ளுவர், கம்பர், பாரதியார் என்று புலவர்கள், பாரி, ஓரி என்று வள்ளல்கள். பெரியவள் ஒவ்வொரு பலகையையும் உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். தமிழ் வகுப்பு இலவசம்!

இதன் சின்ன எஞ்சின் ஒரு லிட்டர்தான், மூன்றே சிலிண்டர். ஆனால் டர்போ இருப்பதால் 115 குதிரை சக்தி. ஐந்து பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு திணறாமல் ஏறியது. என்னவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடையே 179 மில்லி மீட்டர். நம் தெருக்களின் வேகத்தடைகளை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை. செடான் வாங்குகிற யாரும் தங்கள் தெரு முனையில் இருக்கும் வேகத்தடையை, வீட்டார் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு, ஒரு தரம் ஏறிப் பார்த்துவிட வேண்டும். ஆள் இல்லாத வண்டி எதிலும் இடிக்காது. டிக்கி 521 லிட்டர்.

மலைப் பாதைக்கு இரண்டு வார்த்தை. வாந்தி வருகிற பிள்ளைகளுக்குக் கிளம்புமுன் பாலும் எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். இட்லி, ரஸ்க் மாதிரி லேசாகக் கொடுங்கள். கைப்பேசியையும் புத்தகத்தையும் வாங்கி வைத்துவிட்டு, எதிரே சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். குழந்தை பாலுக்கு அழுதால், ஓடுகிற வண்டியில் எடுத்து மடியில் போட்டுக்கொள்ளாதீர்கள். நிறுத்திவிட்டுக் கொடுங்கள். இரண்டு மணிக்கு ஒரு தரம் நிறுத்துவது பெரியவர்களின் கால் நரம்புக்கும் நல்லது.

ஏலகிரியில் புங்கனூர் ஏரியில் படகு விட்டார்கள். சின்னவன் தள்ளுவண்டியில் தூங்கிப் போனான். அங்கே மரத்தடியில் உட்கார்ந்துதான் நாங்கள் கணக்குப் போட்டோம்.

மரத்தடிக் கணக்கு

முதலில் வரிக் கணக்கு. நாலு மீட்டருக்குள் நீளமும் சின்ன எஞ்சினும் உள்ள காருக்கு வரிச் சலுகை என்பது 2006 பட்ஜெட்டில் ஆரம்பித்தது. அதனால்தான் டிக்கி குட்டையாக வெட்டிய செடான்கள் பிறந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம், நாலு மீட்டருக்கு மேற்பட்ட நம் செடானுக்கு 40 சதவிகிதம். முன்பு இதற்கு செஸ்ஸோடு சேர்த்து 45 ஆக இருந்தது, அந்த மட்டில் லாபம். மாருதி டிசையரின் டிக்கி 382 லிட்டர். கைக்குழந்தையும் வாக்கரும் இல்லாத குடும்பத்துக்கு அது தாராளம். சும்மா பெருமைக்காக நடுத்தர செடானுக்குத் தாவ வேண்டாம்.

அடுத்தது, பலர் கவனிக்காத ஒன்று. தமிழ்நாட்டில் 2023 முதல் வாழ்நாள் வரி, பத்து லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவிகிதம் (ஐந்து லட்சத்துக்குள் 12). பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டால் இருபது லட்சம் வரை 18. பன்னிரண்டு லட்ச ரூபாய்க் காருக்கு வரி மட்டும் 2,16,000 ரூபாய். இன்ஷூரன்ஸ் தனி. விளம்பரத்தில் போடும் ஷோரூம் விலையை நம்பிச் சேமிப்பை எண்ணினால் கையில் துண்டு விழும்.

பெட்ரோல் கணக்கு என் பொறுப்பு. மூன்று கார்களும் சாதாரண பெட்ரோல் எஞ்சினில் லிட்டருக்கு ஏறக்குறைய 18, 20 என்று கம்பெனிக் கணக்கு. நகர நெரிசலில் அது வெகுவாகக் குறையும், மூன்றுக்கும் அதே கதைதான். ஹைபிரிட்டில் மாதம் ஆயிரம் கிலோ மீட்டர் ஓட்டினால் 18 லிட்டர் போல மிச்சம். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 1,800 ரூபாய். வண்டி விலை மூன்று லட்சம் கூட என்று வைத்துக்கொண்டால்கூட, போட்டதை எடுக்கப் பதின்மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும்!

கடைசியாகப் பாதுகாப்பு. குளோபல் என்கேப் என்ற அமைப்பு காரைச் சுவரில் மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறது. ஸ்லாவியாவும் விர்ட்டஸும் 2023 ஏப்ரலிலும், வெர்னா 2023 அக்டோபரிலும், பெரியவர்களுக்கு ஐந்து, குழந்தைகளுக்கு ஐந்து என்று வாங்கின. சிட்டி, தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கான வேறொரு சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. இரண்டும் வேறு வேறு பரீட்சை என்பதால் மார்க்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். அந்த நட்சத்திரங்கள் எல்லாம், குழந்தை பொம்மையை அதற்கான ஸீட்டில் பெல்ட் போட்டுக் கட்டி வைத்துச் சோதித்து வாங்கியவை. மடியில் வைத்த குழந்தைக்கு எந்தக் காரிலும் ஒரு நட்சத்திரமும் கிடையாது. சட்டமும் அதையேதான் சொல்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினாலு வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு பெல்ட்டோ அதற்கான ஸீட்டோ இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம்.

"அப்போ எது?" என்றார் என்னவர்.

ஓட்டுவதற்கு எனக்கு சிட்டி. மலைக்கும் மேடு பள்ளத்துக்கும் அவருக்கு ஸ்லாவியா. பின்னால் மூன்று பேர் உட்காரும் அகலத்துக்கும், சக்கர இடைவெளிக்கும், சாமானுக்கும் வெர்னா. ஆனால் அதில்தான் மாமியார் கொஞ்சம் அதிகம் குனிய வேண்டும். நாங்கள் இருவரும் அவர் முகத்தைப் பார்த்தோம்.

"என்னை ஏன் பார்க்கறீங்க? பிஸியோதெரபிப் பொண்ணு சொல்லிக் கொடுத்திருக்கா" என்று எழுந்தார். கார் ஸீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். கையால் பிடித்துக்கொண்டு முதலில் உட்கார்ந்தார். பிறகு இரண்டு காலையும் சேர்த்து மெள்ள உள்ளே திருப்பிக்கொண்டார். "ஸீட்டுல ஒரு பாலிதீன் பை போட்டுக்கிட்டா வழுக்கிண்டு திரும்பிடும். உக்காந்தப்பறம் பையை எடுத்துடணும், அவ்வளவுதான். இந்த இட்லிக் கனத்துக்காகக் குழந்தையோட இடத்தைக் குறைக்காதீங்க."

வெர்னா என்று முடிவாயிற்று. நூற்றறுபது குதிரை வேண்டாம், நூற்றுப் பதினைந்தே போதும் என்று சாதாரண 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நடுத்தர மாடல். என்னவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் தானாகவே சரியாகிவிட்டார்.

உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம். நீங்களே ஓட்டுகிறவர் என்றால் சிட்டி. வீடு மலைப் பக்கமோ, மண் சாலையிலோ என்றால் ஸ்லாவியா. எதுவானாலும் முன் ஸீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். பின் ஸீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கிளம்புமுன் இவற்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்:

* குழந்தை ஸீட் வாங்கும்போது ஆர்44 அல்லது ஆர்129 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பின்னோக்கிய ஸீட்டை முன் ஸீட்டில் வைக்கவே கூடாது. ஏர்பேக் வெடித்தால் ஆபத்து.

* பின் ஸீட்டின் நடுவில் தோளோடு சேர்த்துப் பிடிக்கும் பெல்ட் உண்டா, பின்னால் ஏ.சி. காற்று வருகிறதா என்று, வாங்கப் போகும் மாடலிலேயே பாருங்கள். மேல் மாடலைக் காட்டிவிட்டுக் கீழ் மாடலை விற்பது சகஜம்.

* கர்ப்பிணிகளும் பெல்ட் போட வேண்டும். இடுப்புப் பட்டை வயிற்றுக்குக் கீழே, தொடையை ஒட்டி. தோள் பட்டை மார்புக்கு நடுவே. வயிற்றின் மேலே பட்டை போகக்கூடாது.

கார் வந்த அன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. திருஷ்டி சுற்றியாயிற்று. சின்னவனை அவன் ஸீட்டில் உட்கார வைக்க நான் திரும்புவதற்குள் மாமியாரே உட்கார வைத்து, வார் இரண்டையும் மாட்டி, இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள், 'பச்சைக் குழந்தையைக் கட்டிப் போடறதாவது! மடி எதுக்கு இருக்கு?' என்று சண்டை பிடித்தவர் இவர்தான்.

"பாட்டி, தம்பியைக் கட்டிப் போடறீங்களா?" என்று குறும்பாகக் கேட்டாள் பெரியவள்.

"கட்டிப் போடலைடி. காப்புக் கட்டறேன்" என்றார் மாமியார்.